மூடினால் முழுதும் மூடுக: மின்னிணைப்பிகளும் ஈரமும்

பெரிய கருவிகளைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுகிறோம். அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறிய இணைப்பிகளைப் பற்றிப் பேசுவது அரிது. களப் பணியாளர் ‘கனெக்டர்’ என்று வழங்கும் இச்சிறு பொருள் கருவியின் மொத்த விலையில் மிகச் சிறிய பங்கே பெறும். ஆயினும், வெட்டவெளியில் நிற்கும் கருவி ஒன்று செயலற்றுப் போகும்போது, பெட்டியைத் திறந்து பார்ப்பவர் பலமுறை காண்பது இணைப்பியின் முனையில் படிந்த பச்சைக் களிம்பையே ஆகும்.

தானியங்கி மழைமானியை எடுத்துக்கொள்வோம். அதனுள் இரு சிறு கிண்ணங்கள் துலாக்கோல்போல் அமைந்திருக்கின்றன. குறிப்பிட்ட அளவு மழைநீர் ஒரு கிண்ணத்தில் நிறைந்ததும் அது சாய்கிறது. மற்றது அதன் இடத்துக்கு வருகிறது. ஒவ்வொரு சாய்விலும் ஒரு காந்தம் சிறு ஸ்விட்ச் ஒன்றை மூடித் திறக்க, ஒரு மின்துடிப்பு கம்பி வழியே பதிவுப் பெட்டிக்குச் செல்கிறது. கம்பி பெட்டியுடன் சேரும் இணைப்பியில் ஈரம் புகுந்தால், சில துடிப்புகள் எண்ணப்படாமல் போகும். அல்லது பொய்த் துடிப்புகள் எண்ணப்படும். இது நிகழ்வது வெயிற்காலத்தில் அன்று. மழை கொட்டும் நாளில்தான். எந்த நாளுக்காக அக்கருவி நிறுவப்பட்டதோ, அந்நாளிலேயே அது பொய் சொல்கிறது. பதிவேட்டில் ‘மழை இல்லை’ என்று சுழியம் விழுகிறது. ‘தெரியவில்லை’ என்று விழுவதில்லை. பதிவே இல்லாமையினும் பொய்ப் பதிவு தீது என்பதை வெள்ள எச்சரிக்கைப் பணியில் உள்ளோர் நன்கு அறிவர்.

ஈரத்தைத் தடுக்கும் முறைகள் பல உள்ளன. அவற்றுள் எதனைக் கையாளினும் அதனை முழுமையாகக் கையாள வேண்டும் என்பதும், அரைகுறையாக மூடிய இணைப்பி மூடாத இணைப்பியினும் கேடானது என்பதும், கருவியை வாங்கும்போது காட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் களத்தில் இடப்படும் இணைப்புக்குக் காட்ட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஈரம் புகும் வழி

மழை மேலிருந்து பெய்து உள்ளே இறங்குகிறது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில், நீரைப் பெட்டியே உள்ளிழுத்துக்கொள்கிறது. வெயிலில் நிற்கும் உலோகப் பெட்டியின் உட்காற்று 60 டிகிரி சென்டிகிரேட் அளவுக்குச் சூடேறுவது நம் நாட்டில் அரிதன்று. அவ்வெப்பத்தில் காற்று விரிந்து, சிறு இடுக்குகள் வழியே சிறிது வெளியேறிவிடும். பின்னர்த் திடீரென மழை பெய்து பெட்டி 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. வளிமண்டல அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆகவே, அப்பெட்டியின் ஒவ்வோர் இடுக்கிலும் சுமார் 1 மீட்டர் ஆழ நீரின் அழுத்தம் வந்து நிற்கிறது. பெட்டி தரையிலேயே இருக்கிறது. எனினும் குளத்தில் மூழ்கியதற்கு ஒப்பான நிலையை அடைகிறது.

இங்ஙனம் புகுந்த நீர் எளிதில் வெளியேறுவதில்லை என்பதே இதிலுள்ள தொல்லை. அது திரவமாக உள்ளே வருகிறது. வெளியே செல்ல வேண்டுமாயின் ஆவியாகி, அதே நுண்ணிய இடுக்கு வழியே மெல்ல மெல்லச் செல்ல வேண்டும். ஒரு மழையில் புகுந்தது வெளியேறுமுன் அடுத்த மழை வந்துவிடும். திறந்து கிடக்கும் முனையோ மழை நின்ற சிறிது நேரத்தில் காற்றில் உலர்ந்துவிடுகிறது. மூடாமையினும் அரைமூடல் தீது என்பதன் காரணம் இதுவே. டேப்பைச் சுற்றிவிட்டால் போதும் என்னும் பழக்கத்தின் குறையும் இதில்தான் இருக்கிறது. கோடை வெப்பத்தில் டேப்பின் பசை இளகி, சுற்றின் நுனி பிரிகிறது. அதன் பின் அந்தச் சுற்று நீரைத் தடுப்பதில்லை, தேக்கி வைக்கிறது.

வேறு இரு வழிகளும் உண்டு. பல மெல்லிய இழைகளால் ஆகிய கம்பியின் உறைக்குள், இழைகளின் இடையே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நீர் ஊர்ந்து செல்லும். எங்கோ தொலைவில் உறை கிழிந்த இடத்தில் புகுந்த நீர், நன்கு மூடப்பட்ட இணைப்பிக்குள் கம்பியின் உள்வழியாகவே வந்து சேரும். வெளிப்புறத்தை எத்துணை பூசினும் இதற்குப் பயனில்லை.

மற்றொன்று உப்பு. மழைக்காலத்தில் சமையலறையில் உப்புச் சாடி கசிவதை யாவரும் கண்டிருப்பர். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்குகிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதனினும் மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை ஈர்க்கும். ஆகையால், கடற்கரையில் ஒருமுறை உப்புப் படிந்த இணைப்பி, மழையே இல்லாத நாட்களிலும் நனைந்தே இருக்கும். அந்நீர் தூய நீருமன்று. மின்சாரம் நன்கு பாயும் உப்புநீர்.

எண்ணின் பொருள்

இத்துணை இடையூறுகளுக்கும் விடையாக, ‘ஐ.பி. 67 தரம் பெற்றது’ என்னும் வாசகம் ஒப்பந்தங்களில் எழுதப்படுகிறது. இந்திய தர நிறுவனமும் ஏற்றுள்ள ஐ.இ.சி. 60529 என்னும் நெறியில் இவ்விலக்கங்களின் பொருள் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. முதல் இலக்கம் தூசு முதலிய திடப் பொருள்களைப் பற்றியது. 6 என்பது தூசு அறவே புகாத நிலை. இரண்டாம் இலக்கம் நீரைப் பற்றியது. 7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தும் தீங்கு விளைக்கும் அளவில் நீர் புகாமையைக் குறிக்கும்.

இவ்வெண்ணை நான் குறை கூறவில்லை. அது சொல்லாததையும் சொல்வதாக நாம் எண்ணுவதையே குறை கூறுகிறேன். அச்சோதனையில் நீரின் வெப்பநிலைக்கும் கருவியின் வெப்பநிலைக்கும் 5 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருத்தலாகாது என்பது விதி. களத்திலோ, வேறுபாடு 30 டிகிரியைத் தாண்டும். சோதனையில் விலக்கப்பட்ட நிலையே அங்கு அன்றாட நிலை. மேலும், சோதனைக்கு எடுக்கப்படுவது நன்னீர், கடற்காற்றன்று. இணைப்பியின் இரு பாதிகளும் பூட்டப்பட்ட நிலைக்கே அவ்வெண் உரியது. ஒரு பாதி திறந்து தொங்கினால் அதற்கு எத்தரமும் இல்லை. 7 என்னும் இலக்கம் பெற்றது, பீச்சியடிக்கும் நீரைக் குறிக்கும் 5, 6 ஆகிய சோதனைகளிலும் தேறியது என்று கொள்ளவும் இடமில்லை. பத்து ஆண்டு வெயிலில் ரப்பர் வளையம் எந்நிலையில் இருக்கும் என்பதைப் பற்றியும் அவ்வெண் ஒன்றும் கூறுவதில்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. தொழிற்சாலையில் செய்த இணைப்புக்குத்தான் எண் உண்டு. களத்தில், கம்பத்தின்மேல் நின்று, கம்பியை வெட்டிப் பணியாளர் செய்யும் இணைப்புக்கு யாரும் எண் தருவதில்லை. அதனைச் சோதிப்பாரும் இல்லை. வலுவான சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் வாழை நாரால் கட்டுவது போன்றது இது.

முன்னோர் செய்தவை

இச்சிக்கல் புதியதன்று. 1839-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வில்லியம் ஓஷாக்னசி என்னும் மருத்துவர் ஹூக்ளி ஆற்றின் அடியே தந்திக் கம்பி இட்டுச் சோதித்தார். அவர் கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்பினுள் வைத்து, அதன்மேல் தார் தோய்ந்த கயிற்றைச் சுற்றினார். பின்னர் மலேயாக் காடுகளின் கட்டாப்பெர்ச்சா என்னும் மரப்பால் வந்தது. வெந்நீரில் இளகிக் குளிர்ந்ததும் இறுகும் அப்பொருளைக் கம்பியின்மேல் இடைவெளியின்றி வார்க்க இயன்றமையால், 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்தி நிலைபெற்றது. தந்தியின் வரலாற்றில் மின்கலத்துக்கு உள்ள இடத்தினும் இம்மரப்பாலுக்கு உள்ள இடம் குறைந்ததன்று.

தொலைபேசித் துறையில் காகித உறையிட்ட கம்பிகளை ஈயக் குழாயில் அடக்கிப் புதைத்த காலத்தில், இணைப்பிடுதல் தனிக் கைத்தொழிலாகவே மதிக்கப்பட்டது. இணைப்பின்மேல் உருகிய பாரபின் மெழுகை ஊற்றுவர். நுரை எழுந்தால் காகிதத்தில் ஈரம் உண்டென்று அறிந்து, நுரை அடங்கும் வரை மீண்டும் ஊற்றுவர். அதன் பின்னரே ஈய உறையைப் பற்றவைத்து மூடுவர். பல இடங்களில் கேபிளுக்குள் உலர்ந்த காற்றைச் சற்று அழுத்தத்துடன் செலுத்தி வைத்தனர். எங்கேனும் ஓட்டை விழுந்தால் நீர் உள்ளே வாராது, காற்றே வெளியே செல்லும். அழுத்தம் குறைவதைக் கண்டு ஓட்டையையும் அறிவர். நேர்முனையை நிலத்துடன் இணைத்து, கம்பியை எதிர்மின் நிலையில் வைக்கும் தொலைபேசி வழக்கமும் இதே அக்கறையில் தோன்றியது. ஈரத்தில் நேர்திசை மின்சாரம் பாய்ந்தால் நேர்முனையிலுள்ள செம்பே கரையும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்று அவ்வறிவு நமக்கு மிகவும் தேவை. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டத்தின் வழியே சூரிய மின் பம்புகள் வயல்களுக்கு வந்துள்ளன. சூரியத் தகடுகள் தருவது நேர்திசை மின்சாரம். அவற்றின் இணைப்பியில் ஈரம் புகுந்தால், நேர்முனை நாள்தோறும் கரைந்துகொண்டே இருக்கும். தொடுமுனை தேய்ந்து தடை மிகுந்தால் அங்கு வெப்பம் எழுந்து, இணைப்பி உருகவும் தீப்பற்றவும் கூடும். ஒரு நிறுவனத்தின் ஆண் இணைப்பி மற்றொன்றின் பெண் இணைப்பியில் நுழைகிறது என்பதற்காக அவ்விரண்டையும் பூட்டுதல் கூடாது. நுழைவது வேறு, பொருந்துவது வேறு. மயிரிழை வேறுபாட்டில் ரப்பர் வளையம் தன் பிடியை இழந்துவிடும்.

மூன்று நேரிய வழிகள்

ஈரத்தைக் காக்கும் முறைகளை மூன்றாக வகுக்கலாம். அவற்றுள் ஒன்றைத் துணிந்து தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

முதலாவது, அடைத்தல். ரப்பர் வளையம், காஸ்கெட், கேபிள் கிளாண்ட் ஆகியவை இவ்வகையின. இங்கு ரப்பரின் இனம் அறிதல் இன்றியமையாதது. நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும்; ஆனால் வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும். ஈ.பி.டி.எம். என்னும் ரப்பர் வெயிலையும் மழையையும் நன்கு தாங்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். ஆகவே, வளையம் எளிதில் நுழையட்டும் என்று கைக்கு எட்டிய வண்டிக் கிரீஸையோ வாசலைனையோ ஈ.பி.டி.எம். வளையத்தில் தடவுவது, காவலாளிக்கு நஞ்சு கொடுப்பதாகும். சிலிக்கோன் ரப்பருக்குச் சிலிக்கோன் கிரீஸும் அவ்வாறே ஆகாது. கிளாண்டின் துளைக்கு ஏற்ற பருமனும் வட்ட வடிவும் உடைய கேபிளையே நுழைத்தல் வேண்டும். ஒரே துளையில் இரு கேபிள்களைத் திணித்தால் இடையிலுள்ள பள்ளமே நீருக்கு வாய்க்காலாகும்.

இரண்டாவது, நிரப்புதல். நீருக்கு இடமே இல்லாதவாறு உள்வெளியைக் கூழ், மெழுகு, அல்லது இறுகும் பிசினால் நிரப்பிவிடுவது. மண்ணில் புதையும் இணைப்புக்கு இதுவே சிறந்தது. கூழ் நிரப்பிய தொலைபேசிக் கேபிள்கள் இம்முறையில் அமைந்தவையே. ஆனால் பிசின் இறுகிய இணைப்பை மீண்டும் திறக்க இயலாது. பாலிதீன் உறையில் பிசின் நன்கு ஒட்டுவதுமில்லை. வெப்பமும் குளிரும் மாறிமாறி வர, ஒட்டு விட்டு நுண்ணிடுக்கு தோன்றும். எனவே, அடிக்கடி பிரிக்க வேண்டிய இடங்களில் இதனைக் கையாளலாகாது. கடைகளில் கிடைக்கும் சிலிக்கோன் பசையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. பூசும்போது காடியின் புளித்த நெடி வீசுமாயின், அது இறுகும்போது அசெட்டிக் அமிலம் வெளிவிடும் வகையைச் சேர்ந்தது. அவ்வமிலம் செம்பை அரிக்கும். மின்முனைகளுக்கு நடுநிலை வகைப் பசையே ஏற்றது.

மூன்றாவது, வடியவும் மூச்சுவிடவும் விடுதல். பெட்டி மூச்சுவிடும் என்பதை மறைக்காது ஏற்றுக்கொண்டு, அம்மூச்சுக்கு நல்ல வழி அமைத்துத் தருவது இம்முறை. மின்மாற்றியின் மூச்சுக்குழாயில் சிலிக்கா ஜெல் வைத்து, உட்செல்லும் காற்றை உலர்த்துவதைப் பணியாளர் பலரும் அறிவர். சிறு பெட்டிகளுக்கு, காற்றையும் ஆவியையும் விட்டு நீர்த்துளியை விடாத நுண்துளைச் சவ்வு கிடைக்கிறது. அதுவும் இல்லாவிடத்து, எல்லாக் கேபிள்களையும் பெட்டியின் அடிப்புறமாக நுழைத்து, நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்குமாறு விட்டு, பெட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் சிறு துளையிட்டு, எறும்பு புகாவண்ணம் நுண்வலை வைத்தால், பெரும்பயன் விளையும். தொங்கும் வளைவின் அடியில் நீர் சொட்டிவிடும்; பெட்டியை அடையாது. இதற்கு ஆகும் செலவு ஒரு சாண் கம்பியே.

துளையிடுவதென்றால் பலர் அஞ்சுவர். தரம் பெற்ற பெட்டியைக் கெடுப்பதாகாதா என்பர். சவ்வும் வடிகாலும் பெட்டியைத் தெரிவு செய்யும்போதே கேட்டு வாங்க வேண்டியவை என்பதே அதற்கு விடை. முழுதும் மூட இயலும் இடத்தில் முழுதும் மூடுக; இயலாத இடத்தில் வடிய வழி விடுக. இரண்டுக்கும் நடுவே நின்று, மேலே துளையைப் பசையால் பூசி, கீழே நீரைத் தேக்கி வைப்பதுதான் ஆகாது. லடாக் போன்ற குளிர்ப் பகுதிகளில் தேங்கிய நீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருத்து, உறையையே பிளந்துவிடும் என்பதும் நினைவிற்குரியது.

சொல்லும் ஒரு காப்பு

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ளோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மழையைத் தாங்குவது, நீர்ப்பீச்சைத் தாங்குவது, நீரில் மூழ்கினும் தாங்குவது என ஆங்கிலக் கையேடுகளில் வேறு வேறு சொற்களால் கூறப்படுபவை யாவும் தமிழில் ‘நீர் புகாத’ என்னும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. அதைப் படிக்கும் பணியாளர், தூறலுக்கு மட்டுமே ஏற்ற இணைப்பியை வாய்க்கால் ஓரத்தில் புதைத்தால், தவறு அவருடையதன்று, சொல்லுடையது. இரண்டாம் இலக்கத்தின் வரிசைக்கு ஏற்பச் சொட்டுக் காப்பு, தெறிப்புக் காப்பு, பீச்சுநீர்க் காப்பு, மூழ்கு காப்பு என நான்கு சொற்களை வழக்கில் கொண்டுவந்தால் இக்குழப்பம் பெரிதும் நீங்கும். இவற்றினும் நல்ல சொற்களைக் களப் பணியாளர் தருவாராயின் அவையே சிறந்தவை. எண்ணும் சொல்லும் ஒருங்கே அச்சிடப்படுதலே வேண்டுவது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, களத்தில் இடும் இணைப்பையும் கருவியின் உறுப்பாகவே ஒப்பந்தத்தில் கொள்ள வேண்டும். ஒரு மழைக்காலம் கழிந்தபின் சில இணைப்பிகளைத் திறந்து பார்த்தே கருவியை ஏற்றுக்கொள்வது என்னும் விதி இருக்கலாம். இரண்டாவதாக, ஒவ்வொரு குழுவுக்கும் உரிய கிரிம்பிங் கருவி, உட்புறம் பசை பூசிய சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், ரப்பருக்கு ஏற்ற கிரீஸ், மாற்று வளையங்கள், திறந்த இணைப்பிகளுக்கான மூடிகள் ஆகியன அடங்கிய பை தரப்பட வேண்டும். கையில் டேப் மட்டும் இருப்பவர் டேப்பைத்தான் சுற்றுவார். அவரைக் கடிந்து பயனில்லை. மூன்றாவதாக, பழுதுப் பதிவேட்டில் ‘கருவி பழுது’ என்று எழுதி நிறுத்தாமல், ‘இணைப்பியில் ஈரம்’, ‘வளையம் வெடிப்பு’, ‘கம்பி வழியே நீர்’ எனக் காரணத்தை எழுதும் வழக்கம் வர வேண்டும். காரணம் எழுதப்படாவிடில், நல்ல கருவியைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றை அதே பழைய இணைப்பியில் பூட்டும் வீண்செலவு தொடரும்.

செலவு மிகும் என்பது எதிர்வாதம். ஒரு வளையத்தின் விலையையும், அவ்வளையம் கெட்டதனால் ஒரு குழு வண்டியேறித் தொலைவிலுள்ள நிலையத்துக்குச் சென்றுவரும் செலவையும் ஒப்பிட்டால் அவ்வாதம் நில்லாது. நீர் பாயாது வாடிய பயிரையும், எச்சரிக்கை எட்டாத ஊரையும் கணக்கில் சேர்த்தால் சொல்ல வேண்டுவதில்லை.

பள்ளியில் காட்டத்தக்கவை

ஆசிரியர்கள் இதனைப் பாடத்துடன் எளிதில் இணைக்கலாம். 100 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டி ஒன்றின் தக்கையில் மெல்லிய குழலைச் செருகி, மெழுகால் சுற்றிலும் மூடுக. புட்டியைச் சூடான, ஆனால் கொதிக்காத நீரில் சிறிது நேரம் வைத்தெடுத்து, குழலின் நுனி மை கலந்த நீரில் மூழ்குமாறு தலைகீழாகப் பிடித்துக் குளிரவிடுக. நீர் தானே மேலேறிப் புட்டிக்குள் பாயும். 35 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய 10 மில்லிலிட்டர் நீர் புகும். வாயு விதியின் கணக்கை மாணவரே செய்து ஒத்துப் பார்க்கலாம்.

இரு செம்புக் கம்பிகளை உப்புநீரில் நிறுத்தி, இரண்டு டார்ச் மின்கலங்களுடன் இணைத்தால், எந்தக் கம்பி கரைகிறது என்பதைச் சில மணி நேரத்தில் காணலாம். பல இழைக் கம்பித் துண்டு ஒன்றின் ஒரு முனையை மைநீரிலும், மறுமுனையை நீர்மட்டத்துக்குக் கீழே வெள்ளைத் தாளின்மேலும் வைத்து, தாளில் கறை தோன்றுகிறதா எனக் கவனிக்கச் செய்யலாம். இம்மூன்றையும் கண்ட மாணவன் நாளை களப் பணியாளனானால், தொங்கும் வளைவை யாரும் சொல்லாமலே விடுவான்.

செம்பில் படியும் களிம்பை ஆணவ மலத்துக்கு உவமையாகக் கூறுவது சைவ சித்தாந்த மரபு. அது செம்புடன் உடன்தோன்றியது என்பர். நம் இணைப்பிகளின் களிம்போ உடன்தோன்றியதன்று. அது வெளியிலிருந்து, நாம் திறந்துவிட்ட வழியே வருவது, ஆகவே தடுக்கக்கூடியது. அதற்கு வேண்டுவது விலையுயர்ந்த பொருளன்று. முறையை அறிதலும், அறிந்த முறையை முழுமையாகச் செய்தலும், அதனைச் செய்யும் கைக்கு உரிய கருவியையும் மதிப்பையும் தருதலுமே ஆகும்.